நிருபங்களும் தவறாமையும்

காவேரிப்பாக்கத்திலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் தோல் பதனிடும் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இராணிப்பேட்டையிலும் வேலூரிலும் 1853இல் நிறுவப்பெற்ற ஆற்காடு மிஷனின் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபையைக் காண்கிறோம். ஆம்பூரிலோ, 1895இல் தொடங்கிய மிசௌரி மிஷனின் வழிவந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைக் காண்கிறோம். அப்போஸ்தல நிருபங்கள் எவ்வகையில் தவறற்றவை என்னும் வினாவுக்கு இவ்விரு மரபுகளும் ஒரே விடை அளிப்பதில்லை.

ஆற்காடு மிஷனை நிறுவிய ஸ்கடர் சகோதரர் அமெரிக்கச் சீர்திருத்த சபையினர். அச்சபை ஏற்ற பெல்ஜிய விசுவாச அறிக்கை (1561) வேதத்தைத் தவறாத பிரமாணம் என்கிறது. நூல்களைப் பெயர் சொல்லி எண்ணவும் செய்கிறது. அதன் கணக்கில் பவுலின் நிருபங்கள் 14. எபிரெயர் நிருபமும் அவற்றுள் ஒன்று. அந்நிருபத்திலோ ஆசிரியர் பெயரே இல்லை. அதை எழுதியவர் யாரென்பதைத் தேவனே அறிவார் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகேன் கூறிவிட்டார். 1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை இவ்விஷயத்தில் அடக்கமாகப் பேசுகிறது. இரட்சிப்புக்கு வேண்டிய யாவும் வேதத்தில் அடங்கியுள்ளன, விசுவாசத்துக்கு அதுவே உன்னதமும் முடிவுமான அளவுகோல் என்பதோடு அது நின்றுவிடுகிறது.

மிசௌரி சபையின் 1932ஆம் ஆண்டு அறிக்கை, சரித்திரம், பூகோளம் முதலியவற்றிலும் வேதத்தில் பிழையில்லை என்கிறது. ஆயினும் 1522இல் லுத்தர் எபிரெயர், யாக்கோபு, யூதா நிருபங்களையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் இறுதியில் எண்ணிடாமல் வைத்தார். 1580இன் லுத்தரன் இணக்க நூலிலும் வேத நூல்களின் பட்டியல் கிடையாது. தவறாமையைக் கண்டிப்பாகப் போதிக்கும் மரபிலேயே அது எந்நூல்களுக்கு உரியது என்று வரையறுக்கப்படவில்லை என்பதை நம் மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

பழைய சபையின் நிலையும் இதுவே. ஏறக்குறைய கி.பி. 96இல் ரோமாபுரியிலிருந்து எழுதப்பட்ட கிலேமெந்தின் நிருபம், 170ஆம் ஆண்டளவிலும் கொரிந்து சபையின் ஆராதனையில் வாசிக்கப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியக் கையெழுத்துப் பிரதியில் அது புதிய ஏற்பாட்டோடு சேர்ந்தே உள்ளது. உயிர்த்தெழுதலை மெய்ப்பிக்க கிலேமெந்து அரபு நாட்டின் பீனிக்ஸ் பறவையைச் சான்றாகக் காட்டுகிறார். 500 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மாண்டு புதிதாகத் தோன்றுமாம். 367இல் அத்தனாசியு குறித்த 27 நூல்களில் இந்நிருபமும் இடம்பெற்றிருப்பின், அப்பறவைக்காக இன்று எத்தனை ஆயர்கள் வாதாட நேர்ந்திருக்கும்!

பவுல் தம் நிருபங்களுக்கு இத்தகைய தவறாமையைக் கோரவில்லை. தாம் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் இருவரே என்றவர், உடனே ஸ்தேவானின் வீட்டாரை நினைவுகூர்ந்து, வேறு எவருமுண்டோ அறியேன் என்கிறார் (1 கொரி. 1:14–16). விவாகத்தைப் பற்றி எழுதுகையில் கர்த்தரின் கட்டளையையும் தம் கருத்தையும் பிரித்துக் காட்டுகிறார் (7:10, 12, 25). இவ்வேறுபாட்டை அழித்து யாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்துவது அப்போஸ்தலனுக்குச் செய்யும் கனமாகாது என்பதே நம் கருத்து.

தென்னிந்தியத் திருச்சபையில் 1976இல் பெண்கள் குருப்பட்டம் பெறத் தொடங்கியபோது, 1 தீமோத்தேயு 2:12ஐக் காட்டித் தடுத்தோர் உண்டு. அதே பவுல், சபையில் ஜெபிக்கும், தீர்க்கதரிசனம் சொல்லும் பெண்களைப் பற்றிப் பேசுகிறார் (1 கொரி. 11:5). அவ்வசனத்தின்படி நம் சகோதரிகள் முந்தானையால் தலையை மூடுகின்றனர். அந்நிருபத்தின் முடிவிலுள்ள பரிசுத்த முத்தத்தையோ எவரும் கேட்பதில்லை. 1950இன் திருவிருந்து ஆராதனை முறையில் அது கையோடு கை சேர்த்துச் சமாதானம் பகிர்வதாயிற்று.