கம்பம் பன்னீர் திராட்சையும் 'அற்புதப் பழம்' என்ற பட்டமும்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையொட்டி வந்த செய்திகளில் இரண்டு தகவல்கள் திரும்பத் திரும்ப இடம்பெற்றன. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இக்கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது ஒன்று. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்கள் நிறைந்த இப்பழம் நாள்பட்ட நோய்களின் அபாயத்தைக் குறைக்கும் என்பது மற்றொன்று. இக்கட்டுரை தேடுவது இரண்டாவதன் பூர்வீகத்தை. முதலாவதைப் பற்றி ஒரு குறிப்பு போதும்: பன்னீர் திராட்சை எனப்படும் மஸ்கட் ஹாம்பர்க் வகை இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களில் பெயர்பெற்றதே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். பாதிரியார் கையில் இருந்தது இதே கொடிதானா என்று கேட்காமல் ஆண்டை மட்டும் நகலெடுத்துக்கொண்டே போகிறோம்.

பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலும் வாழைத்தோப்பும் அடுத்தடுத்து நிற்கும். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் இந்த நிலத்துக்கு வந்தது, தோட்டப்பயிர்கள் பெருகின. இவ்விரண்டு பழங்களும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நாடுகளில், மருந்தாக விற்கப்பட்டவை என்பது இங்கே அதிகம் பேசப்படுவதில்லை.

வாழையின் கதை சுருக்கமானது. அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி 1917இல் வாழைப்பழத்தின் உணவு மதிப்பைப் பற்றித் தானே ஒரு நூலை வெளியிட்டது. 1924இல் நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், சீலியாக் நோயால் மெலிந்த குழந்தைகள் வாழைப்பழ உணவுமுறையில் தேறியதை அறிவித்தார். குழந்தைகள் தேறியது உண்மை. ஆனால் அந்த உணவுமுறையில் ரொட்டிக்கு இடமில்லை. நோயைத் தூண்டுவது கோதுமை என்பதை நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே நிறுவ 1950 ஆயிற்று. தட்டிலிருந்து எடுக்கப்பட்டது செய்த வேலைக்கு, தட்டில் வைக்கப்பட்டது கால் நூற்றாண்டு பெயர் வாங்கியது.

திராட்சைக்கு இதைவிட நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், ஊற்று நீரில் குளிக்கப் போவதைப் போலத் திராட்சை தின்று உடம்பைத் தேற்றவென்றே மலையூர்களுக்குப் போவார்கள். 1920களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னா பிராண்ட், திராட்சையை மட்டும் உண்டு புற்றுநோயைத் தீர்க்கலாம் என்று நூல் எழுதினார். சான்று இல்லை, ஆனாலும் இயற்கை மருத்துவ வட்டாரங்களில் அந்நூல் இன்றும் உலவுகிறது. நம்மூரில் கருந்திராட்சை சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பார்கள். நிறத்தைப் பார்த்துச் சொன்ன வைத்தியம் அது. 100 கிராம் திராட்சையில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூடத் தேறாது.

இன்றைய புகழுக்கு வித்திட்டது பழம் அல்ல, மது. கொழுப்பு மிகுந்த உணவு உண்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இதயநோய் குறைவாக இருப்பது ஏன் என்ற கேள்விக்குச் செவ்வொயினே விடையாக இருக்கலாம் என்று 1991இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி சொல்ல, விற்பனை எகிறியது. அடுத்த ஆண்டே வொயினில் ரெஸ்வெரட்ரால் என்ற பொருள் இருப்பது அறிவிக்கப்பட்டது. 2003இல் அது ஈஸ்ட்டின் ஆயுளை நீட்டியதாகவும், 2006இல் கொழுத்த எலிகளின் ஆயுளைக் கூட்டியதாகவும் 'நேச்சர்' இதழில் கட்டுரைகள் வந்தன. 2008இல் கிளாக்ஸோஸ்மித்கிளைன், இந்த ஆய்வின் மேல் எழுந்த சர்ட்ரிஸ் நிறுவனத்தை 72 கோடி டாலருக்கு வாங்கியது.

சரிவும் வேகமாகவே வந்தது. 2010இல் அந்நிறுவனத்தின் ரெஸ்வெரட்ரால் மருந்துச் சோதனை நின்றது. 2012இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம், தன் ஆய்வாளர் ஒருவர் 145 இடங்களில் தரவுகளைத் திரித்திருப்பதாக அறிவித்தது. அவர் ஆய்ந்ததும் இதே பொருள்தான். அதே ஆண்டு அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனைத் தரவரிசைப்படுத்திய தன் பட்டியலைத் திரும்பப் பெற்றது. சோதனைக்குழாயில் கிடைத்த எண்ணுக்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை; நிறுவனங்களோ அந்த எண்களை வைத்து விளம்பரம் செய்தன. 2014இல் இத்தாலியின் கியான்டி பகுதியிலிருந்து வந்த முடிவு எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. அதுவும் திராட்சை விளையும் சீமைதான். 65 வயது கடந்த 783 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், உடலில் ரெஸ்வெரட்ரால் கூடுதலாக இருந்தவர்கள் மற்றவர்களைவிட நீண்டநாள் வாழவில்லை. அவர்களுக்கு இதயநோயும் புற்றுநோயும் குறையவுமில்லை.

அளவைக் கணக்கிட்டால் புகழின் எடை தெரிந்துவிடும். அந்த எலிகளுக்குத் தரப்பட்டது உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 22.4 மில்லிகிராம். மருந்தியலார் வழக்கமாகச் செய்வதுபோல் அதை மனிதருக்குக் குறைத்து மாற்றினாலும், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 110 மில்லிகிராம் வேண்டும். ஒரு கிலோ செந்திராட்சையில் மிஞ்சிப்போனால் 8 மில்லிகிராம் இருக்கும். ஆக, தினமும் 14 கிலோ. அதோடு 2 கிலோ சர்க்கரையும் உள்ளே போகும்.

இதில் விவசாயிகள் ரசிக்கக்கூடிய ஒரு முரணும் உண்டு. பூஞ்சாணம் தாக்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளக் கொடி சுரக்கும் பொருள்களில் ஒன்றுதான் ரெஸ்வெரட்ரால். மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய்க்குப் பயந்து மருந்தடிக்கும் தோட்டக்காரர், அதைச் சுரக்க வேண்டிய தேவையையே கொடிக்குக் குறைத்துவிடுகிறார். அவரைக் குறைசொல்ல முடியாது. நோய் விழுந்த குலையை எந்த வியாபாரியும் எடுக்கமாட்டார்.

அப்படியானால் பன்னீர் திராட்சையில் என்னதான் இருக்கிறது? நீர், 100 கிராமுக்குச் சுமார் 15 கிராம் சர்க்கரை, கொஞ்சம் பொட்டாசியம், மூன்று நான்கு மில்லிகிராம் வைட்டமின் சி. அதே எடைக் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமைத் தாண்டும். கொய்யாவுக்கு 'அற்புதப் பழம்' என்ற பட்டத்தை அவ்வளவாக யாரும் கட்டுவதில்லை. அதைக் கூறுபோட்டு விற்பவர்களிடம் விளம்பரத்துக்குப் பணமில்லை.

புவிசார் குறியீடு மருத்துவச் சான்றிதழ் அல்ல. ஊரோடு ஒட்டிய தரத்துக்கும் பெயருக்கும் சட்டம் தரும் காப்பு அது. அந்தத் தரத்துக்குக் காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. கடுங்குளிர் இல்லாததால் இங்கே கொடி உறங்குவதில்லை. கவாத்து செய்யும் நாள்தான் அறுவடை நாளைத் தீர்மானிக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை முன்பின்னாக வைத்துக்கொள்வதால் சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, கூடலூர்ப் பக்கம் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் குலை வெட்டுகிறார்கள். மஸ்கட் இனத்துக்கே உரிய மணமும் இதற்கு உண்டு. விதையில்லாத மகாராஷ்டிரத் திராட்சையோடு தள்ளுவண்டியில் போட்டியிட இவை போதுமா என்பதை அந்தந்த வாரத்து மழையும் கேரள வியாபாரிகள் சொல்லும் விலையும்தான் முடிவுசெய்கின்றன. ரெஸ்வெரட்ராலுக்கென்று யாரும் கிலோவுக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தருவதில்லை.