சேற்றுக்குப் பிறந்த ரேஞ்ச் ரோவர்

பாகூர், வில்லியனூர் பக்கம் நடவுக் காலத்தில் சேற்றில் இறங்குவது டிராக்டர். மூட்டை ஏற்ற ஒரு வண்டி, டவுனுக்குப் போய்வர ஒரு பைக் என்று விவசாயிக்கு வேறு வண்டிகளும் தேவை. எல்லா வேலையையும் ஒரே வண்டி செய்தால்? இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் மாரிஸ் வில்க்ஸ் யோசித்தது இதைத்தான். தன் நிலத்தில் பழைய ராணுவ ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. எஃகுத் தட்டுப்பாடு இருந்ததால் மேல்கூடு அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. இன்ஜின் சுழற்சியை வெளியே எடுத்துப் பண்ணை இயந்திரங்களை ஓட்டவும் வசதி உண்டு, இங்குள்ள டிராக்டர்களில் இருக்கும் பி.டி.ஓ. மாதிரி! ஆனால் பட்டை ஸ்பிரிங் வண்டி என்பதால் நெடுந்தூரம் போனால் இடுப்பு கழன்றுவிடும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 1970 ஜூனில் வெளியான ரேஞ்ச் ரோவர். ஸ்பென் கிங் தலைமையிலான குழு உருவாக்கியது. 3528 சிசி வி8 இன்ஜின், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், சுருள் ஸ்பிரிங். பள்ளத்தில் ஒரு சக்கரம் நன்றாகக் கீழே இறங்கினால்தான் தரையை விடாமல் பிடிக்கும். அதற்காக நீளமாக அசையும் ஸ்பிரிங் வைத்தார்கள், அதுவே தார்ச்சாலையில் சொகுசாகவும் அமைந்துவிட்டது. வி8 இன்ஜினின் முழு இழுவிசையையும் பின் அச்சு மட்டும் தாங்க வேண்டுமானால் அது மிகக் கனமாக இருக்கவேண்டும். எனவே எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தார்கள். திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறுவேறு தூரம் ஓடும் அல்லவா? அதற்கு நடுவில் ஒரு டிஃபரன்ஷியல். சேற்றில் சிக்கினால் அதைப் பூட்டிவிடலாம்.

உள்ளே? வினைல் இருக்கை, ரப்பர் தரை. தண்ணீர் அடித்துக் கழுவலாம். கதவுகள் இரண்டே! தோல் இருக்கைகள் எல்லாம் பின்னால் வந்தவை. 1981ல் நான்கு கதவு, 1989ல் ஏபிஎஸ், 1992ல் காற்று சஸ்பென்ஷன் என்று பணக்காரர் வண்டியாக மாறிப்போனது.

நிறுவனமும் கை மாறியது. 1994ல் பிஎம்டபிள்யூ, 2000ல் ஃபோர்டு, 2008ல் ஜாகுவாரோடு சேர்த்து 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸ். முதலாளி இந்தியர் ஆன பிறகும் முழு வண்டியாக இறக்குமதி செய்தால் 100 சதவீத சுங்க வரி விழுந்தது. 2024ல் புனேயில் ரேஞ்ச் ரோவரைப் பூட்டத் தொடங்கியதும் விலை 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கியது. இறங்கியும் 2 கோடிக்கு மேல்தான்!

இப்படிப்பட்ட விலையில் சாலை வரியும் பெரிய தொகை. கேரளத்தில் 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம் வரை வரி இருந்த நிலையில், புதுச்சேரியில் வரி மிகக் குறைவு. அங்குள்ள சிலர் போலி முகவரி கொடுத்துச் சொகுசுக் கார்களுக்குப் புதுச்சேரிப் பதிவெண் வாங்கியதாக 2017ல் பெரிய சர்ச்சை எழுந்து, கேரள போலீஸ் விசாரணை வரை போனது. அந்த கார்கள் ஓடியது கேரளச் சாலைகளில்.

அடுத்து, ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம். அங்கே 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் அமையும் டாடா ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் இந்த ஆலையின் திட்டத்தில் உண்டு.