அரிசுடோலோக்கிக் அமிலச் சிறுநீரக நோய்

அரிசுடோலோக்கிக் அமிலச் சிறுநீரக நோய் என்பது அரிசுடோலோக்கியா பேரினத் தாவரங்களில் இயற்கையாகக் காணப்படும் அரிசுடோலோக்கிக் அமிலத்தை உட்கொள்வதால் சிறுநீரகங்களில் ஏற்படும் மீளாத பாதிப்பாகும். இந்நோயாளிகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் மிகுதி. மூலிகை மருந்துகளில் ஒரு தாவரத்துக்குப் பதிலாக வேறொன்று கலந்துவிடுவதால் நேரும் தீங்குக்கு இது முதன்மையான எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது.

பெயர்

அரிசுடோலோக்கியா என்னும் சொல் கிரேக்க மொழியில் 'சிறந்த மகப்பேறு' எனப் பொருள்படும். பண்டைய ஐரோப்பாவில் இத்தாவரங்கள் மகப்பேற்று மருந்தாகப் பயன்பட்டதே இப்பெயருக்குக் காரணம்.

பெல்ஜியம் நிகழ்வு

1990 முதல் 1992 வரை பெல்ஜியத்தின் பிரசெல்சு நகரில் உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சை பெற்ற பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் விரைவாகச் செயலிழந்தன. அவர்கள் உட்கொண்ட மாத்திரைகளில் சீன மூலிகைத் தூள்கள் சேர்க்கப்பட்டிருந்தன. 1993 இல் தி லான்செட் மருத்துவ இதழில் இது குறித்த ஆய்வு வெளியானது. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை பின்னர் 100ஐக் கடந்தது.

சேர்க்கப்பட்டிருக்க வேண்டிய மூலிகை இசுடெபானியா டெட்ராண்ட்ரா. அதன் சீனப் பெயர் ஆன் பாங் சி. அதற்குப் பதிலாக, குவாங் பாங் சி எனப்படும் அரிசுடோலோக்கியா பாங்சி கலந்திருந்தது. இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆயினும் 'பாங் சி' என்னும் பொதுப்பெயர் இரண்டுக்கும் உண்டு. வேர் தூளாக்கப்பட்டபின் கண்ணால் பார்த்து வேறுபாட்டை அறிய இயலாது.

சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த நோயாளிகளுள் 39 பேருக்கு முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களும் சிறுநீர்க்குழாய்களும் அகற்றப்பட்டன. அவற்றை ஆராய்ந்தபோது 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது தெரியவந்தது. இம்முடிவுகள் 2000 இல் வெளியிடப்பட்டன.

பால்கன் பகுதி நோய்

தன்யூபு ஆற்றின் கிளையாறுகளை ஒட்டிய பல்கேரியா, உருமேனியா, செர்பியா, குரோவாசியா, பொசுனியா நாடுகளின் சில உழவர் சிற்றூர்களில் நாட்பட்ட சிறுநீரக நோய் ஒன்று பல தலைமுறைகளாகக் காணப்பட்டது. 1950களில் இது மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டது. காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. கோதுமை வயல்களில் களையாக வளரும் அரிசுடோலோக்கியா கிளமாட்டிடிசின் விதைகள் தானியத்துடன் கலந்து, மாவிலும் ரொட்டியிலும் சேர்ந்தன என்பது பின்னர் ஏற்கப்பட்டது. 2007 இல் வெளியான ஆய்வு, நோயாளிகளின் திசுக்களில் இவ்வமிலம் விட்டுச்சென்ற அடையாளங்களைக் காட்டி இதனை வலுப்படுத்தியது. பெல்ஜியத்தில் மருந்தாகவும் பால்கனில் உணவாகவும் உடலுள் சென்றது ஒரே நஞ்சே.

செயல்படும் விதம்

உடலின் நொதிகள் இவ்வமிலத்தை வேதிவினைத்திறன் மிக்க பொருளாக மாற்றுகின்றன. அப்பொருள் டி.என்.ஏ.வில் உள்ள அடினீன், குவானீன் ஆகியவற்றுடன் பிணைகிறது. இதனால் அடினீன் இருக்க வேண்டிய இடத்தில் தைமீன் அமையும் தனித்தன்மையான மரபணுப் பிழை உண்டாகிறது. இப்பிணைப்பு சிறுநீரகத் திசுவில் பல ஆண்டுகள் நிலைத்திருக்கக்கூடியது. ஆகவே மருந்தை நிறுத்தி நெடுநாள் ஆன பின்னரும் புற்றுநோய் தோன்றலாம்.

அறிகுறிகளும் சிகிச்சையும்

தொடக்கத்தில் வெளிப்படையான அறிகுறிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. கடுமையான இரத்தசோகை, சிறுநீரில் சிறிதளவு புரதம், சிறுநீரகங்கள் சுருங்குதல் ஆகியவை காணப்படும். சிறுநீரகத் திசு நார்த்தன்மை அடைந்தபின் அதனை மீட்கும் மருந்து இல்லை. முற்றிய நிலையில் குருதிச் சுத்திகரிப்பு அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும். புற்றுநோய்க்கான தொடர் கண்காணிப்பும் இன்றியமையாதது.

தடைகள்

செருமனி 1981 இலேயே இவ்வமிலம் அடங்கிய மருந்துகளை விலக்கியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2001 இல் எச்சரிக்கை விடுத்தது. அரிசுடோலோக்கியா கலந்த மூலிகை மருந்துகளை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை என்னும் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002 இல் சேர்த்தது. தைவான் 2003 இல் தடை விதித்தது. எனினும் பாதிப்பு அத்துடன் முடியவில்லை. தைவானில் 98 கல்லீரல் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்த 2017 ஆம் ஆண்டு ஆய்வில், 78 விழுக்காட்டுக் கட்டிகளில் இவ்வமிலத்துக்குரிய மரபணுப் பிழைகள் காணப்பட்டன.

தமிழ்நாட்டுத் தாவரங்கள்

ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவை தமிழ்நாட்டில் வளரும் அரிசுடோலோக்கியா இனங்கள். இரண்டும் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக இடம்பெற்றவை. இரண்டிலும் அரிசுடோலோக்கிக் அமிலம் உள்ளது. ஈசுவரமூலிக்குக் கருடக்கொடி என்ற பெயரும் உண்டு. வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆகாசகருடன் முற்றிலும் வேறான தாவரம். இரண்டும் பாம்புக்கடிக்கான நாட்டு மருந்துகளாகக் கூறப்படுபவை, பெயரிலும் நெருங்கியவை. இத்தகைய பெயர் ஒற்றுமையால் நேரக்கூடிய குழப்பத்தைத் தவிர்க்க மூலிகைகளைத் தாவரவியல் பெயரால் குறிப்பிடுவதும், நுண்ணோக்கி, நிறச்சாரல் பிரிகை, டி.என்.ஏ. சோதனை ஆகியவற்றால் உறுதிசெய்வதும் வழிகளாகும். சரியான மூலிகையே எனினும் அதில் இவ்வமிலம் இருப்பின் தீங்கு நீங்குவதில்லை.