பிணக்கூறாய்விலிருந்து மீயொலி வரை: இதய மிக்சோமா அறியப்பட்ட வரலாறு

இதயத்திலேயே முளைக்கும் கட்டிகள் அரியவை. பெரியவர்களிடம் காணப்படும் அத்தகைய கட்டிகளுள் புற்றுத்தன்மையற்ற மிக்சோமாவே மிகுதி. இது பெரும்பாலும் இடது மேலறையில், மேலறைகளைப் பிரிக்கும் இடைச்சுவரைக் காம்பால் பற்றித் தொங்கும். இதன் அறிகுறிகள் நெடுங்காலம் பிற நோய்களின் பெயரால் அறியப்பட்டமையையும் அந்நிலை மாறியமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மிக்சோமாவின் அறிகுறிகள் மூவகைப்படும். கட்டி ஈரிதழ் வால்வின் வாயை மறிக்கும்போது மூச்சுத்திணறலும் மயக்கமும் தோன்றும். நோயாளி அமர்வதற்கும் படுப்பதற்கும் ஏற்ப இவை கூடிக் குறைவதும் உண்டு. கட்டியிலிருந்து பெயர்ந்த துணுக்கு மூளையின் இரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம் நேரும். காய்ச்சல், மூட்டுவலி, உடல் மெலிவு ஆகியன மூன்றாம் வகை. முதல்வகை அறிகுறிகள் வாதக்காய்ச்சலால் விளையும் வால்வுச் சுருக்கத்தையும், மற்றவை இதய உள்ளுறைத் தொற்றையும் ஒத்திருந்தன. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முணுமுணுப்பொலியும் வால்வுச் சுருக்கத்தின் ஒலியைப் போன்றதே. ஆகவே ஒலியையும் அறிகுறியையும் மட்டும் நம்பிய மருத்துவத்தால் இவற்றைப் பிரித்தறிவது அரிதாயிற்று. கட்டி பெரும்பாலும் பிணக்கூறாய்வில்தான் வெளிப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலை மாறியது. 1952இல் கோல்ட்பர்க் குழுவினர், இரத்தத்தில் மாறுபாட்டுப் பொருளைச் செலுத்தி எடுத்த ஊடுகதிர்ப் படத்தின் வழியே உயிருடன் இருந்த நோயாளியிடம் இக்கட்டியைக் கண்டறிந்தனர். 1954இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் இடது மேலறை மிக்சோமாவை வெற்றிகரமாக அகற்றினார். 1959இல் ஜெர்மனியில் எஃபர்ட்டும் டோமானிக்கும் மீயொலியால் இத்தகைய கட்டியை இனங்கண்டதாக அறிவித்தனர். இதயத்துள் குழாய் செலுத்தாமலே கட்டியைக் காணும் வழி இதனால் திறந்தது.

காய்ச்சலுக்கும் மெலிவுக்குமான விளக்கம் இன்னும் பிந்தியே வந்தது. பின்னர் இன்டர்லியூக்கின்-6 எனப் பெயர்பெற்ற புரதத்தை மிக்சோமா உயிரணுக்கள் உண்டாக்குவதை 1987இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். அழற்சியைத் தூண்டும் அப்புரதமே இவ்வறிகுறிகளுக்கு முக்கியக் காரணம் எனக் கருதப்படுகிறது. கட்டி அகற்றப்பட்டபின் அவை தணிவதும் இதனோடு பொருந்துகிறது.

அறிகுறிகள் கட்டியைக் காட்டிக்கொடுக்கவில்லை. கட்டி கண்ணுக்குப் புலப்பட்ட பின்னரே அறிகுறிகளுக்கு உரிய பொருள் கிடைத்தது. மருத்துவ வரலாற்றாய்வில் இதற்கு நேரடி விளைவு உண்டு. 1950களுக்கு முந்தைய மருத்துவமனைப் பதிவேடுகளில் உள்ள ‘வால்வுச் சுருக்கம்’ போன்ற குறிப்புகளை, கூறாய்வுச் சான்று இல்லாதபோது, நோயின் பெயராகவே கொள்ளுதல் பொருந்தாது. அக்கால மருத்துவர் எட்டக்கூடிய முடிவின் பெயராகவே அவற்றைக் கொள்ளல் வேண்டும்.