பயிர் மாறிய மண்ணில் பணி மாறிய மக்கள்

சிலாங்கூர் மாநிலத்தின் வடமேற்கே அமைந்துள்ளது கோல சிலாங்கூர் மாவட்டம். அம்மாநிலத்து மண்ணில் ஒரு நூற்றாண்டுக் காலத்திற்குள் காப்பி, ரப்பர், செம்பனை என மூன்று பயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓங்கின. பயிர் மாறிய ஒவ்வொரு முறையும் நிலமுடையோர் புதிய வருவாயைத் தேடிக்கொண்டனர். உழைத்தோரோ தாம் கற்ற தொழிலையே இழந்தனர். தோட்ட வரலாற்றை ஆராய்வோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூர்த் தோட்டங்களின் முதன்மைப் பயிர் காப்பியே. பிரேசிலின் பெருவிளைச்சலால் 1890களின் பிற்பகுதியில் காப்பியின் விலை வீழ்ந்தது. தோட்டக்காரர் ரப்பருக்கு மாறினர். மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி முன்பே வகுத்திருந்தார். 1910 இல் ரப்பர் விலை உச்சத்தை எட்டியது. ஆட்கள் ஏராளமாகத் தேவைப்பட்டனர். கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களில் ஆள் திரட்டினர். அவர்களின் பயணச் செலவுக்கெனக் குடியேற்ற நிதி 1907 இல் நிறுவப்பட்டது.

பால்வெட்டு எளிய வேலையன்று. வெயில் ஏறினால் பாலின் ஓட்டம் குறையும். ஆதலின் விடியுமுன்னரே பிரட்டுக்குச் செல்லவேண்டும். பட்டையை மெல்லிதாகச் சீவவேண்டும். கத்தி ஆழப் பதிந்தால் மரம் புண்ணாகும், புதுப்பட்டையும் செவ்வனே வளராது. பல்லாண்டுப் பழக்கத்தால் வாய்த்த இக்கைத்திறனே தொழிலாளியின் ஒரே முதல்.

1917 இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி பொக்கோனியே, இம்மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். மலாயாவில் அதுவே முதல் முயற்சி. எனினும் நெடுங்காலம் ரப்பரே கோலோச்சியது. செயற்கை ரப்பரின் போட்டியால் விலை தளர்ந்தபின், 1960களில் மாற்றம் விரைந்தது. 1960 இல் நாட்டில் ஏறத்தாழ 54,000 ஹெக்டேரில் இருந்த செம்பனை, 2020 இல் 58 இலட்சம் ஹெக்டேரைக் கடந்திருந்தது.

செம்பனைக்கு ஆள் குறைவாகவே போதும். பால்மரத்தை நாள்தோறும், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டவேண்டும். செம்பனைக் குலையையோ பத்துப் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். குலை வெட்டுவதற்கு உடல்வலிமையே முதன்மை. பால்வெட்டின் கைந்நுட்பம் அங்கே பயன்படவில்லை.

செம்பனையிலும் ஒரு வேலை பெண்கள் பலருக்குக் கூலி தந்தது. பெண்பூங்கொத்துகளின்மீது மகரந்தப் பொடியை ஊதுவதே அது. 1981 இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறுவண்டு கொணரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. வண்டே மகரந்தத்தைச் சுமந்தது, விளைச்சல் பெருகியது, அவ்வேலை மறைந்தது.

இவற்றிடையே சட்டமும் நெருக்கியது. 1969 முதல் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டியதாயிற்று. இம்மண்ணிலேயே முதுமை எய்தியோர் பலர் தமிழகத்துக்குக் கப்பலேறினர். 1970களில் தொடங்கிய தடையற்ற வாணிக வட்டாரங்களின் ஆலைகள் இளையோரை, குறிப்பாகப் பெண்களை, ஈர்த்தன. தோட்டத்து வெற்றிடங்களை இந்தோனேசியத் தொழிலாளர் நிரப்பினர். 1984 இல் மேடான் உடன்பாடு அதற்கு வழிவகுத்தது.

பிற தொழில்களில் வேலை போனால் கூலி மட்டுமே போகும். தோட்டத்திலோ வேலையோடு வீடும் போயிற்று. லயத்து வீடு தோட்டத்தாருடையது. பெயர்ப்பட்டியலில் உள்ளவரையில்தான் அது தொழிலாளிக்கு. கோயிலும் பள்ளியும் நட்டுவைத்த முருங்கையும் அவன் பின்னே விடப்பட்டன. 1960 இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே வாங்க முற்பட்டது இதனை உணர்ந்துதான். நிலம் உடையவன் பயிரை மாற்றிக்கொள்ளலாம். நிலமில்லாதவன் ஊரையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

விளைச்சல் கணக்குகளைப் பதிந்துவைத்த ஏடுகள் பல உள. அவ்விளைச்சலுக்குக் கை கொடுத்தோர் எங்குச் சென்றனர் என்னும் கணக்கையும் அவற்றோடு சேர்த்து எழுதினாலன்றி இம்மாவட்டத்தின் வரலாறு நிறைவுறாது.