ஆடப்படாத ஆட்டங்கள்

கல்லூரி ஆண்டு மலர்களிலே உதைபந்தாட்ட அணி வென்ற ஆண்டு பக்கக்கணக்கில் விரிவதும், தோற்ற ஆண்டு இரண்டு வரிகளில் அடங்கிவிடுவதும் வழமை. திருகோணமலையின் விளையாட்டு வரலாற்றை எழுத முனைவோர் இவ்வழமையைக் கைவிடல் வேண்டும். தோல்விகளே நிறைந்த பருவமொன்றும் ஓர் உண்மையை உணர்த்துகின்றது: அவ்வாண்டிலே எதிரணி வந்தது, நடுவர் ஊதினார், இளைஞர் பதினொருவர் களமிறங்கினர்.

இத்துறைமுக நகரில் இவை எக்காலத்தும் எளிதிற் கிட்டியவையல்ல. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றிய திருகோணமலை, 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் வரை அவர்தம் கடற்படைத் தளத்தைக் கொண்டிருந்தது. கப்பல் நங்கூரமிட்ட துறைகளிலெல்லாம் மாலுமிகள் பந்துடன் கரையேறினர். ஆட்டத்தைக் கொணர்ந்த அதே துறைமுகம் போரையும் வரவழைத்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் குண்டுவீசித் தாக்கின.

தூரமும் ஒரு தடையாயிற்று. மட்டக்களப்பு நோக்கிக் கரையோரமாகச் செல்வோர் படகுத்துறைகளைக் கடக்கவேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் 2009இலேதான் திறக்கப்பட்டது. அயல் மாவட்டத்து அணியொன்றுடன் மோதித் தோற்பதற்கும் நெடும்பயணம் வேண்டியிருந்தது.

இவற்றினும் கொடியது 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போர். ஊரடங்கும் சோதனைச் சாவடியும் மலிந்த நாட்களில், மாலைப் பயிற்சிக்குச் செல்வதற்கே துணிவு வேண்டியிருந்தது. திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிற் பணிபுரிந்து, கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகக் கிழக்கெங்கும் பெயர்பெற்ற யேசு சபைத் துறவி யூஜின் ஹெபேர்ட் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிற் காணாமற்போனார். 2006 ஜனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையிலே தமிழ் மாணவர் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். பயிற்றுநரையும் மாணவரையும் இழந்த மண்ணின் இழப்பைக் கோல்களைக் கொண்டு கணக்கிட இயலுமா?

1948 இலண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய இந்திய உதைபந்தாட்ட அணி பிரான்சிடம் 1–2 எனத் தோற்றது. அத்தோல்வி இன்றும் மதிப்புடன் பேசப்படுகின்றது. எவர் ஆடினர், எவ்வாறு தோற்றனர் என்பது ஏட்டில் இருப்பதே அதற்குக் காரணம். எழுதப்பட்ட தோல்வி வரலாறாகின்றது. ஆடப்படாத ஆட்டத்திற்கு அந்தப் பேறும் இல்லை.

ஆகவே, நம் கல்லூரிகள் வெற்றிக் கிண்ணங்களைப் பேணுவதோடு அமையாது, தோற்ற பருவங்களின் ஆட்ட விபரங்களையும் தொகுத்தல் வேண்டும். போட்டியே நடைபெறாத ஆண்டுகளை வெற்றிடமாக விடாது, நடைபெறாமைக்கான காரணத்தை அவ்விடத்தே எழுதுதல் வேண்டும். அக்காலத்து ஆட்டக்காரர் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களைத் தேடிச் சென்று கேட்டு எழுதும் பொறுப்பு வரலாறு பயிலும் மாணவராகிய நம்மையே சார்ந்தது.