வெப்பப் பகுப்பாய்வு

பொருளைச் சீராகச் சூடேற்றியோ குளிர்வித்தோ, எந்த வெப்பநிலையில் அதன் எடை, நீளம், உறிஞ்சும் வெப்பம் ஆகியவை மாறுகின்றன என்று பதிவுசெய்யும் முறைகளின் பொதுப்பெயர். களிமண்ணில் தொடங்கி உலோகம், மருந்து, தோல், பிளாஸ்டிக் வரை வந்துள்ளது.

தொடக்கத்தை 1887இல் வைப்பது வழக்கம். பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்லியே களிமண்ணைச் சூடேற்றி, சம நேர இடைவெளியில் வெட்டும் மின்பொறியின் ஒளியை, சூட்டுக்கேற்ப இடம் மாறும்படி, ஒளிப்படத் தகட்டில் விழவைத்தார். சூடு சீராக ஏறினால் கோடுகள் சம தூரத்தில் விழும். மண் தன் நீரை விடும்போது சூடு தயங்கும், கோடுகளும் நெருங்கும். விடை அந்த நெருக்கத்தில்தான் இருந்தது. லண்டன் நாணயச்சாலையைச் சேர்ந்த ராபர்ட்ஸ்-ஆஸ்டின் 1899இல், மாற்றமடையாத இன்னொரு பொருளையும் பக்கத்தில் வைத்து இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அளந்தார். உலைக்குள் பொருளைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் 'வெப்பத் தராசு' ஜப்பானியர் கோட்டாரோ ஹோண்டாவின் பெயரில் (1915) அறியப்படுகிறது. நெர்ன்ஸ்டும் ரீசன்ஃபெல்டும் 1903இலேயே அதைத் தொட்டுவிட்டார்கள் என்போரும் உண்டு.

அடுத்த சில பத்தாண்டுகளில் பிரான்சின் டுவாலும் ஹங்கேரியின் பாலிக் சகோதரர்களும் கருவிகளை மேம்படுத்தினர்.

தமிழ்நாட்டில், எந்தச் சூட்டில் பொருள் மாறும் என்ற கேள்வி ஆய்வகத்துக்கு வருமுன்பே தோல் ஆலையில் இருந்தது. தோலின் கொலாஜன் ஓர் இயற்கைப் பாலிமர். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அதன் அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தனர். ஈரப் பச்சைத் தோலை ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி வரை சூடேற்றினால் முறுக்கு அவிழ்ந்து தோல் சட்டென்று சுருங்கிவிடும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் 80 டிகிரியை ஒட்டித் தாங்கும்; நன்றாகப் பதனிட்ட குரோம் தோலோ 100ஐயும் தாண்டும். இந்தச் சுருங்கு வெப்பநிலைதான் பதம் சரியா என்பதற்குச் சான்று. டேனரியில் இதற்குக் கருவியும் வேண்டாம். குரோமில் பதனிட்ட நீலநிற ஈரத்தோலில் ஒரு துண்டு வெட்டி, காகிதத்தில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்வார்கள். துண்டை இரண்டு மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, அதே கோட்டின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். ஓரம் உள்ளே இழுத்திருந்தால் அந்தச் சரக்கு மீண்டும் பதனிடும் உருளைக்குப் போக வேண்டியதுதான். ஆயிரக்கணக்கான ரூபாய்ச் சரக்கின் தலைவிதியை ஒரு பென்சில் கோடு சொல்லிவிடும். 1948இல் அடையாறில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இதே சுருக்கத்தைக் கருவியில் டிகிரிக் கணக்கில் அளக்கிறார்கள்.

பாலிமர்களுக்கு ஏற்ற பெருங்கருவி 1960களின் முற்பகுதியில் வந்தது. பெர்க்கின்-எல்மர் நிறுவனத்தின் வாட்சனும் ஓநீலும் உருவாக்கிய டி.எஸ்.சி. (differential scanning calorimeter), சில மில்லிகிராம் மாதிரியை அலுமினியக் கிண்ணத்தில் வைத்து, அது உறிஞ்சும் வெப்பத்தை வரைகோடாகத் தருகிறது. உயரடர்த்திப் பாலிஎத்திலீன் 130 டிகிரியை ஒட்டி உருகும்; பாலிபுரொப்பிலீன் 160ஐ ஒட்டி. குருணையாக வரும் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் இரண்டும் கலந்திருந்தால் கோட்டில் இரண்டு பள்ளங்கள் தெரியும். கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம் பக்கத்துப் பட்டறைக்காரர் அதே குருணையை நெருப்பில் காட்டி, மணத்தையும் புகையையும் வைத்துப் பிளாஸ்டிக்கின் வகையை ஊகிக்கலாம். எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு மூக்கு போதாது. பிளாஸ்டிக் துறைக்கெனக் கிண்டியில் 1968இல் அமைந்த சிப்பெட் நிறுவனம் இத்தகைய சோதனைகளையும் பயிற்சியையும் தருகிறது.

அண்மைக் காலத்தில் வெப்பத் தராசோடு அகச்சிவப்புக் கருவியை இணைத்து, வெளியேறும் வாயு எது என்றும் பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் பையில் சேர்த்த சுண்ணாம்புத்தூளைக் கண்டறியத் தராசே போதும். 600 முதல் 800 டிகிரிக்குள் அந்தத் தூளான கால்சியம் கார்பனேட் தன் எடையில் 44 சதவீதத்தைக் கரியமில வாயுவாக இழக்கும். அந்தக் கட்டத்தில் பையின் எடை 8.8 சதவீதம் குறைந்தால், அதில் 20 சதவீதம் சுண்ணாம்புத்தூள் என்று கணக்கு.